நடுப் பக்கம் எங்கே?

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு நாலரை வயது. மே மாத லீவில் டான்சில் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருக்கிறோம். ஆஸ்பத்திரிக்குப் போகிற கதை உள்ள படப்புத்தகம் ஏதாவது வாங்கிக் காட்டலாமா என்று நினைத்தேன். மாமியாரோ, "ஒண்ணும் தெரியாம இருக்கிற புள்ளைக்கு நீயே ஏன் பயத்தக் காட்டுற? ஐஸ்க்ரீம் வாங்கித் தர்றேன்னு கூட்டிட்டுப் போயிடலாம்" என்கிறார். என் கணவரும் அவர் பக்கம்தான். எது சரி?

கே., விருதுநகர்

அன்புள்ள கே.,

உங்கள் மாமியார் சொல்லும் வழியில்தான் என்னையும் கூட்டிப்போனார்கள். எனக்கு அப்போது ஐந்து வயது. தொடையில் கட்டி. பொருட்காட்சிக்குப் போகிறோம் என்று சொல்லிப் புதுப் பாவாடை கட்டிவிட்டார்கள். கட்டியைக் கீறிய வலி இப்போது சுத்தமாக நினைவில் இல்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து "ராட்டினம் எங்கப்பா?" என்று கேட்டதும், அப்பா வேறு பக்கம் பார்த்ததும் நினைவிருக்கிறது. அதற்கப்புறம் ரொம்ப நாள், கோயிலுக்குக் கூப்பிட்டால்கூட "நெஜமாவா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறுவேன்.

அதனால், புத்தகம் காட்டுங்கள். ஆனால் பார்த்து வாங்குங்கள். முயல்குட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும், டாக்டர் மாமா சிரிப்பார், பக்கத்தைத் திருப்பினால் முயல் பலூனோடு வீட்டில் இருக்கும். நடுவில் நடந்தது எங்கே போயிற்று? அதுவும் ஒரு பொருட்காட்சிதான். 1966-ல் அமெரிக்காவில் வந்த ஒரு 'க்யூரியஸ் ஜார்ஜ்' கதையில் குட்டிக் குரங்கு புதிர்ப்படத் துண்டு ஒன்றை விழுங்கிவிடும். பாஸ்டனில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையோடு சேர்ந்து செய்த புத்தகம் அது. எக்ஸ்ரே, ஊசி, ஆபரேஷன் எதையும் விடாமல் காட்டியிருப்பார்கள். அறுபது வருஷத்துக்கு முந்தைய ஆஸ்பத்திரி என்பதால் உங்கள் மகளுக்கு அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். தமிழில் தேட, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் ஆரம்பியுங்கள். இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

கடையில் சரியானது கிடைக்கவில்லையா, நீங்களே செய்துவிடுங்கள். என் தங்கை மகனுக்கு ஹெர்னியா ஆபரேஷன் என்றபோது கோடு போடாத நோட்டில் எட்டுப் பக்கம் வரைந்தோம். நாலாம் பக்கத்தில் விரலில் மாட்டும் கிளிப், உள்ளே சிவப்பு வெளிச்சம். அவனுக்கு அந்தப் பக்கம்தான் பிடித்தது. கொடியில் இருந்த துணி கிளிப்பை எல்லாம் எடுத்து வீட்டில் இருக்கிறவர்கள் விரலில் மாட்ட ஆரம்பித்தான். தாத்தா பேப்பர் படித்துக்கொண்டே விரலை நீட்டுவார். ஆபரேஷன் அன்று நர்ஸ் கிளிப்பை எடுத்ததும் அவனே விரலை நீட்டினான். ஆனால் கையில் டிரிப்ஸ் ஊசி குத்தியபோது வார்டே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதான். புத்தகம் காட்டினால் பிள்ளை அழாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாங்கள் அந்த ஊசியையும், மயக்க மருந்து கொடுக்கும் முகமூடியையும் வரைந்திருந்தோம். அழுது முடித்தபின், "அடுத்தது முகமூடி பக்கம்தானே?" என்று கேட்டான்.

உங்கள் புத்தகத்தில் வர வேண்டியவை: காலையில் வெறும் வயிறு, இட்லி கிடையாது. முகமூடி. எழுந்ததும் தொண்டை வலி. வீட்டுக்கு வந்தும் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கலாம், காதும் சேர்ந்து வலிக்கலாம். 'தூங்க வைப்பாங்க' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள்; அப்புறம் வீட்டில் ராத்திரி கண்ணை மூடவே பயப்படும். இது மருந்து கொடுத்தால் மட்டும் வரும் தூக்கம், டாக்டர் பக்கத்திலேயே இருப்பார், முடிந்ததும் எழுப்பிவிடுவார் என்று சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று, "ஐஸ்க்ரீமா தின்னே, அதான்" என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். இந்த வயதில் நோயையே தண்டனையாக எடுத்துக்கொள்கிற பிள்ளைகள் உண்டு. 'இது உன் தப்பில்லை' என்று ஒரு பக்கத்தில் எழுதிவிடுங்கள். அடம் பிடித்தால் ஊசி போடச் சொல்வேன் என்கிற மிரட்டலையும் இப்போதே நிறுத்தியாக வேண்டும்.

இதையெல்லாம்விட முக்கியமான பக்கம் ஒன்று உண்டு. அம்மா எங்கே இருப்பாள்? பிரிட்டனில் 1950-கள் வரைக்கும் பல ஆஸ்பத்திரிகளில் பெற்றோர் குறிப்பிட்ட நேரத்தில்தான் பிள்ளையைப் பார்க்க முடியும். 1959-ல், ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் நலன் பற்றி ஆராய அமைத்த பிளாட் குழுவின் அறிக்கை வந்து, நேரக் கட்டுப்பாடு வேண்டாம் என்றது. ஊசியைவிட அம்மா இல்லாததுதான் பிள்ளையை உலுக்குகிறது என்பது பெரியவர்களுக்குப் புரிய அவ்வளவு நாள் ஆயிற்று. எந்தக் கதவு வரை உங்களை விடுவார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். முடிந்தால் அந்தக் கதவைப் போனில் படம் எடுத்து ஒட்டுங்கள். கண் விழிக்கும்போது யார் பக்கத்தில் இருப்பார்கள் என்பதையும் கேட்டு, அதை மட்டும் வரையுங்கள். விடமாட்டார்கள் என்றால், 'நான் இருப்பேன்' என்று எழுதாதீர்கள்.

நாலைந்து நாள் முன்னால் தொடங்கினால் போதும். முதல் நாள் ராத்திரி உட்கார வைத்து மருந்து புகட்டுகிற மாதிரி வாசிக்காதீர்கள். வரைய வராது என்றும் பதில் போடாதீர்கள், எங்கள் நோட்டில் டாக்டர் தென்னை மரம் மாதிரிதான் இருந்தார்.

ஐஸ்க்ரீமுக்கும் ஒரு பக்கம் விடுங்கள், கடைசிப் பக்கம். டாக்டர் சரி என்று சொல்லும் நாளில் மாமியாரே வாங்கித் தரட்டும்.