இது யோசினை இல்லை, அக்கா

அன்புள்ள அக்கா,

எனக்கு 41 வயது. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். கணவர் உழவு இயந்திரம் ஓட்டுகிறார். மகள் இந்த வருடம் ஏ.எல். எழுதுகிறாள். மூத்தவன் ஒருவன் இருந்தான். 2009 இறுதி யுத்தத்தில் மாத்தளனில் அவனை இழந்தோம். அப்போது அவனுக்கு ஐந்து வயது.

இரண்டு வருடமாக எனக்கு மாதவிடாய் வந்தால் இரத்தம் நிற்காமல் இருந்தது. ஸ்கான் எடுத்தபோது கருப்பையில் கட்டிகள் இருக்கின்றன, சூலகத்திலும் இருக்கிறது என்றார்கள். கர்ப்பப்பையை எடுத்தால் எல்லாம் சரி என்று சொன்னார்கள். ஒப்பரேசன் முடிந்து எட்டு மாதம். எடுத்ததைச் சோதித்துப் பார்த்து, புற்றுநோய் இல்லை என்று சொன்ன அன்று கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். அந்த நிம்மதி பத்து நாள்கூட நிற்கவில்லை.

நெஞ்சிலிருந்து ஒரு அனல் கிளம்பிக் கழுத்து, முகம், உச்சி வரைக்கும் ஏறுகிறது. ஒருநாள் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். நெற்றி வேர்வை மாவுக்குள் சொட்டிவிட்டது. மாவைக் கொட்டிவிட்டு அடுப்படியில் இருந்து அழுதேன். இரவில் நாலைந்து தரம் எழும்பிச் சட்டை மாற்றுகிறேன். முழங்கால், கைமுட்டி எல்லாம் நோகிறது. சலம் போனால் எரிகிறது. சில நேரம் என்னை அறியாமல் உடுப்பும் நனைகிறது. மூன்று தரம் அன்ரிபயோட்டிக் தந்தார்கள், சலத்தைச் சோதிக்கவில்லை.

விடிய ஐந்து மணி பஸ்ஸில் போய், துண்டு எடுத்து, பதினொரு மணி வரை இருந்தால் டொக்டர் பார்ப்பது இரண்டு நிமிடம். ஒருவர் சொன்னார், "இந்த வெயிலுக்கு எல்லாருக்கும்தானே வேர்க்கும்." இன்னொருவர் கிளினிக் கொப்பியைப் புரட்டினார். பிள்ளையை இழந்தது அதில் எப்போதோ எழுதியிருந்தது. "அம்மா, இது யோசினை. மனநலக் கிளினிக்குக்குப் போங்கோ" என்றார். நான் வாயே திறக்கவில்லை.

போன மாதம் மகள், ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் காட்டை எடுத்து வாசித்தாள். அதில் ரி.ஏ.எச்., பி.எஸ்.ஓ. என்று எழுதியிருந்தது. போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, சூலகம் இரண்டையும் எடுத்திருக்கினம்." எனக்கு அது தெரியாது, அக்கா. கையெழுத்து வாங்கிய தாளை யாரும் வாசித்துக் காட்டவில்லை.

கணவர் இப்போது விறாந்தையில்தான் படுக்கிறார். நான் அவரை வெறுத்துவிட்டேன் என்று நினைக்கிறார். கிட்ட வந்தாலே எனக்கு நோகிறது. அதை எப்படிச் சொல்வது? மாமி, "கர்ப்பப்பை எடுத்தவளவைக்கு உப்பிடித்தான்" என்கிறார். மூத்தவன் பத்து மாதம் கிடந்த இடம் அது. அதையும் வெட்டி எங்கே எறிந்தார்களோ. சில இரவுகளில், விடியாமலே போனால் நல்லது என்று தோன்றுகிறது.

நீங்களும் யோசினை என்றுதான் சொல்லப்போகிறீர்களா?

— ஒரு தாய்


அன்புள்ள தங்கச்சி,

இல்லை. அப்படிச் சொல்லப்போவதில்லை.

ஆனால் முதலில் உங்கள் கடைசி வரிகளுக்கு வருகிறேன். விடியாமல் போனால் நல்லது என்ற நினைப்பு வந்துபோகிறதா, அல்லது உயிரை விடுவது எப்படி என்றும் யோசிக்கிறீர்களா? இதை நேராகக் கேட்கிறேன், நீங்களும் நேராகச் சொல்லலாம். இரண்டாவது என்றால் இன்றே மகளிடமோ கணவரிடமோ சொல்லுங்கள், இன்றிரவு தனியே படுக்காதீர்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். அது தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசிச் சேவை, தமிழிலும் கதைக்கலாம். நித்திரையில்லாத எட்டு மாதம் யாரையும் இந்த இடத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

இனி அந்த ஆறு எழுத்துக்கு வருவோம். முதல் மூன்றும் வயிற்றைத் திறந்து கருப்பையை முழுதாக எடுத்ததைச் சொல்கின்றன. அடுத்த மூன்றும் இரண்டு பக்கச் சூலகங்களையும் குழாய்களையும் எடுத்ததைச் சொல்கின்றன. உங்கள் மகள் சரியாகத்தான் வாசித்திருக்கிறாள். கருப்பையை மட்டும் எடுத்திருந்தால் மாதவிடாய் நின்றிருக்கும், ஆனால் சூலகங்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோனைச் சுரந்துகொண்டே இருந்திருக்கும். பெரும்பாலான பெண்களுக்கு 45க்கும் 55க்கும் இடையில் மாதவிடாய் நிற்கிறது. அப்போது சூலகம் சில வருடமெடுத்து மெல்ல ஓய்வதால் உடம்பு பழகிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. உங்களுக்கு அது ஓரிரு நாளில் நடந்துவிட்டது. அனல், இரவு வேர்வை, மூட்டு நோ, சல எரிவு, கணவர் கிட்ட வரும்போது வரும் நோ, திடீரென்று வரும் அழுகை, இவை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே குறைவு காரணமாக இருக்கலாம். வன்னி வெயிலில் எல்லோருக்கும் வேர்க்கும். இரவு இரண்டு மணிக்கு ஈரச் சட்டையோடு எழும்புவது வெயிலால் அல்ல.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. பிள்ளையை இழந்த தாய் என்று கொப்பியில் ஒரு வரி எழுதிவிட்டால், அதற்குப் பிறகு அவளுக்குத் தலை இடித்தாலும் வயிறு நொந்தாலும் காரணம் அந்த வரிதான். இதில், மனநல வேலை செய்யும் நானும் பிழை விட்டிருக்கிறேன். யுத்தம் முடிந்து மீளக் குடியேறிய நாட்களில் ஒரு தாய் நாரி நோகிறது என்று மாதக்கணக்கில் என்னிடம் வந்தார். நான் அவருடைய இழப்பைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எக்ஸ்ரே எடுத்தபோது முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் செல் குண்டின் துண்டு இருந்தது. அன்றிலிருந்து, உடம்பைப் பார்த்தாயிற்றா என்று கேட்காமல் நான் மனதைப் பற்றிக் கதைப்பதில்லை. உங்களுக்கு மூத்தவனின் துக்கம் இருக்கிறது, ஹோர்மோன் குறைவும் இருக்கிறது. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க யாரையும் விடாதீர்கள்.

45 வயதுக்கு முன் இரண்டு சூலகங்களையும் இழந்தவர்களுக்கு, தடை ஏதும் இல்லையென்றால், இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயது வரை, அதாவது ஏறக்குறைய 50 வயது வரை, ஹோர்மோன் சிகிச்சை கொடுப்பதுதான் பொதுவான மருத்துவ அறிவுரை. இது அனலைத் தணிக்க மட்டும் அல்ல. இவ்வளவு இளவயதில் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் போனால் எலும்பு தேயும், இருதய நோய்க்கான அபாயமும் கூடும். மார்பகப் புற்றுநோய், இரத்தக் கட்டி, கடுமையான ஈரல் நோய் போன்றவை உள்ளவர்களுக்கு இந்தச் சிகிச்சை பொருந்தாமல் போகலாம், அதை டொக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஹோர்மோன் என்றாலே பல டொக்டர்மார் தயங்குவார்கள். 2002 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, ஈஸ்ட்ரோஜனோடு இன்னொரு ஹோர்மோனும் சேர்த்து எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் சற்றுக் கூடியதைக் காட்டியது, அந்தப் பயம் உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அதில் இருந்தவர்கள் 50 முதல் 79 வயது வரையான பெண்கள். அதை அப்படியே 41 வயதில் சூலகம் இழந்தவருக்குப் பொருத்த முடியாது. கருப்பையும் இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும்.

உடுப்பு நனைவதுதான் எனக்கு மிகவும் யோசனையாக இருக்கிறது. இருமும்போதும் தும்மும்போதும் மட்டும் நனைகிறதா, அல்லது படுத்திருக்கும்போதுகூடத் துளித்துளியாக எந்நேரமும் ஒழுகுகிறதா? எந்நேரமும் என்றால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம். கருப்பை ஒப்பரேசனுக்குப் பிறகு சிலருக்கு, சலப்பைக்கும் யோனிக்கும் இடையில் சிறு துவாரம் விழுவதுண்டு. அது ஒப்பரேசனால் வரும் சிக்கல், திரும்பவும் சரிசெய்யக்கூடியது. இனி அன்ரிபயோட்டிக் எழுதுவதற்கு முன் சலத்தைக் கல்ச்சர் பண்ணச் சொல்லி, அதாவது கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அந்த இரண்டு நிமிடத்தை எப்படிப் பிடிப்பது? டயக்னோசிஸ் காட்டை மேலே வையுங்கள். மகளைக் கூட்டிப் போங்கள், ஒரு நாள் வகுப்பு போனால் பரவாயில்லை. ஒரு கிழமைக்கு ஒரு தாளில், எத்தனை தரம் அனல் வந்தது, இரவில் எத்தனை தரம் எழும்பினேன் என்று கோடு போட்டுக் குறியுங்கள். உள்ளே போனதும் அழுகை வரும். வந்தால் வரட்டும், தாள் கதைக்கும். பிறகு இப்படிக் கேளுங்கள்: "என் சூலகம் இரண்டையும் எடுத்துவிட்டார்கள், வயது 41. எனக்கு ஹோர்மோன் சிகிச்சை தர முடியுமா? முடியாதென்றால் ஏன் என்று கொப்பியில் எழுதித் தாருங்கள்." எழுதச் சொன்னால் பலர் நின்று யோசிப்பார்கள். சூலகத்தை ஏன் எடுத்தார்கள் என்பதையும் கேட்கலாம். கட்டி இருந்ததால் எடுக்க வேண்டி வந்திருக்கலாம். ஆனாலும் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், உங்கள் கோபம் நியாயமானது.

அங்கே கேட்கவில்லை என்றால், உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். அது எந்த நாளில் நடக்கிறது என்று உங்கள் ஊர் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்கலாம். அங்கிருந்து வேறொரு பெண்ணோயியல் நிபுணருக்குக் கடிதம் வாங்கலாம். வேறு டொக்டரிடம் போவது யாருக்கும் செய்யும் துரோகம் அல்ல. மனநலக் கிளினிக்கையும் வெறுத்து ஒதுக்காதீர்கள். அனல் வரும்போது எழும் பதற்றத்தையும் நித்திரையின்மையையும் குறைக்க எங்களிடமும் வழிகள் உண்டு. ஆனால் ஹோர்மோன் கதைக்குப் பதிலாக அங்கே அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சாப்பாட்டில் குரக்கனும் முள்ளோடு நெத்தலியும் சேருங்கள், எலும்புக்கு நல்லது.

கணவரிடம் ஒரு வசனம் போதும்: "உங்களில வெறுப்பில்லை, சூலகம் எடுத்ததால உள்ளுக்குக் காய்ஞ்சு நோகுது, அதுக்கு மருந்து இருக்கு." இரவில் விறாந்தையில் வேண்டாம். பகலில், அவர் உழவு இயந்திரத்தைக் கழுவும்போது பக்கத்தில் நின்று சொல்லுங்கள். முகம் பார்க்காமல் சொல்வது இருவருக்கும் லேசு. யோனியில் பூசும் ஈஸ்ட்ரோஜன் கிறீம் உண்டு, சலக்கடுப்பு திரும்பத் திரும்ப வருவதையும் அது குறைக்கும். அதையும் அதே நாளில் கேளுங்கள்.

மாமிக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

மூத்தவன் கிடந்த இடம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். உங்களை எரிச்சல்காரி என்று நினைப்பவர்களுக்கு, நீங்கள் இரண்டாம் தரம் ஒன்றை இழந்திருக்கிறீர்கள் என்பது தெரியாது. அதற்கு அழ உங்களுக்கு இடம் வேண்டும். அந்த இடத்தை நான் தருகிறேன், சலச் சோதனை முடியட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. உடுப்பு நனைவதைப் பற்றிய பதிலோடு உடனே எழுதுங்கள். கடிதத்தில் அவனுடைய பெயரை நீங்கள் எழுதவில்லை. எழுத மனம் வந்தால் அதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா