ரேஸ் டிரைவிங் ஸ்கூலில் சேர வயதாகிவிட்டதா? கேள்வி பதில்

சென்னை டிராக் இருக்கும் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் புதியவர்களுக்கு ரேஸ் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவன் நான். இப்போது ஓய்வு. கார் பற்றி மட்டும் கேளுங்கள்.

கே (சேலம்): சார், வயது 39, ஐடி வேலை. சின்ன வயதிலிருந்தே ஆசை. இப்போது ரேஸ் பள்ளியில் சேர்ந்தால் சிரிப்பார்களா?

ப: யாரும் சிரிக்க மாட்டார்கள். வகுப்பில் பாதிப் பேர் உங்கள் வயதுக்காரர்களாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். கையில் காசு சேர்வதே அந்த வயதில்தானே!

ஃபார்முலா 1 கனவு என்றால் வண்டி போய்விட்டது. நாராயண் கார்த்திகேயன் 1992-ல் பிரான்சில் வின்ஃபீல்ட் பள்ளிக்குப் போனபோது பதினைந்து வயதுப் பையன். அப்படிப் போயும் ஃபார்முலா 1-க்குள் நுழைய 2005 ஆனது. ஆனால் ஒரு காரை அதன் எல்லை வரை ஓட்டத் தெரிய வேண்டும், முடிந்தால் உள்ளூர்ப் பந்தயம் ஒன்றில் கலந்துகொள்ள வேண்டும் என்றால் வயது ஒரு பொருட்டே இல்லை. ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் ஒரு படத்தில் ரேஸ் டிரைவராக நடிப்பதற்காகத்தான் பயிற்சிக்குப் போனார். அப்போதே நாற்பதைத் தாண்டியிருந்தார். 1979-ல், 54 வயதில், லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் ஓட்டிய போர்ஷே ஒட்டுமொத்தமாக இரண்டாவதாக வந்தது.

பெரியவர்களுக்குக் கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. இருபது வருட ரோட்டுப் பழக்கத்தை மறக்க வேண்டும். ரோட்டில் பிரேக்கை மெதுவாகத் தொட்டு, போகப் போக அழுத்துவோம். டிராக்கில் அதற்கு நேர் எதிர்: முதலிலேயே முழு அழுத்தம், பிறகு வளைவை நெருங்க நெருங்கக் காலைத் தளர்த்த வேண்டும். இது மூளைக்கு அஞ்சு நிமிஷத்தில் புரியும். காலுக்குப் புரியத்தான் நாளாகும்.

கே (தஞ்சாவூர்): முதல் நாள் என்னதான் செய்வார்கள்? நேராக வண்டியில் ஏற்றிவிடுவார்களா?

ப: மாட்டார்கள். ஏற்றினால் அந்தப் பள்ளியை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

காலையில் வகுப்பறை. கொடிகள் சொல்லித் தருவார்கள். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, மெதுவாக பிட்டுக்கு, அதாவது பாதையோரம் வண்டிகள் நிற்கும் இடத்துக்கு, திரும்ப வேண்டும். மஞ்சளும் சிவப்பும் கலந்த பட்டைக் கொடி என்றால் பாதையில் எண்ணெயோ தண்ணீரோ கிடக்கிறது. ஆரஞ்சு வட்டம் போட்ட கறுப்புக் கொடி உங்கள் எண்ணோடு காட்டப்பட்டால் உங்கள் வண்டியில் கோளாறு, உள்ளே வா என்று அர்த்தம். இதைத் தூக்கக் கலக்கத்தில் கேட்டுவிட்டு, மதியம் மஞ்சள் கொடியைத் தாண்டி ஒருவரை முந்துகிறவர் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார். தயவு செய்து அது நீங்களாக இருக்காதீர்கள்.

அடுத்து உட்காரும் விதம். தோள் இருக்கையில் பதிந்திருக்கும்போதே மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் படிய வேண்டும். கிளட்ச்சை முழுதாக மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலானோர் படுத்துக்கொண்டே ஓட்டுகிறார்கள். பலருக்கு இந்த ஒரு திருத்தமே பாதிப் பயிற்சி.

பிறகுதான் வண்டி. முதலில் பிரேக் பயிற்சி, அதற்குப் பின் கூம்புகள் வைத்து வளைவுக் கோடு. வளைவுக்கு வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போவது. உள்ளே தொடும் அந்த இடம்தான் ஏபெக்ஸ். புதியவர்கள் எல்லோரும் ஏபெக்ஸை அவசரமாகத் தொடுவார்கள். தொட்ட பிறகு வெளியே போக ரோடு மிச்சம் இருக்காது. கொஞ்சம் தாமதமாகத் தொட்டால் வெளியேறும் வழி நேராகிவிடும், ஆக்சிலரேட்டரையும் சீக்கிரம் மிதிக்கலாம்.

இது எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பார்வை. கண் போகும் இடத்துக்குத்தான் வண்டி போகும். 140 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு சுமார் 39 மீட்டர் ஓடிவிடுவீர்கள். பானட்டுக்கு முன்னால் இருக்கும் தாரைப் பார்த்து ஓட்டினால், ஒவ்வொரு வளைவும் திடீரென்று முளைத்த மாதிரி இருக்கும்.

கே (திருச்சி): வயது 46. சேரலாமா?

ப: முதல் பதிலைப் பாருங்கள்.

கே (வேளச்சேரி): கட்டணம் எவ்வளவு சார்?

ப: பள்ளிக்குப் பள்ளி, சீசனுக்குச் சீசன் மாறும். நேரில் கேளுங்கள். தொகையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். வண்டி, டயர், பெட்ரோல் அதில் அடக்கமா, இடித்துவிட்டால் யார் கட்டுவது, முன்பணம் எவ்வளவு பிடிப்பார்கள் என்றும் கேளுங்கள். சண்டை வருவதெல்லாம் அந்த இடத்தில்தான்.

கே (கோயம்பேடு): அஜித் சார் மாதிரி நானும்...

ப: தெரியும், இந்தக் கேள்வி வரும் என்று. அவர் 2003-ல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியா, 2010-ல் ஃபார்முலா 2 ஓட்டியவர். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி 991 என்ற போர்ஷே கார்ப் பிரிவில் மூன்றாவதாக வந்தது. நடுவே எத்தனை வருடங்கள் ஓடியிருக்கின்றன, பாருங்கள். போஸ்டரை மட்டும் பார்க்காதீர்கள்.

கே (மதுரை): அண்ணா, வீட்டில் ஸ்டியரிங், பெடல் எல்லாம் வைத்து சிமுலேட்டர் ஓட்டுகிறேன். ஏபெக்ஸ், கொடி எல்லாம் அத்துப்படி. பள்ளி வீண்செலவுதானே?

ப: இல்லை தம்பி. கோடு, கொடி, ஒரே மாதிரி சுற்றுவது, இதெல்லாம் சிமுலேட்டர் நன்றாகவே சொல்லித் தரும். மறுக்கவில்லை. ஆனால் பின்சக்கரம் வழுக்கத் தொடங்குவதை நிஜ வண்டியில் முதலில் சொல்வது உங்கள் இடுப்பு. ஸ்டியரிங் சொல்லும்வரை காத்திருந்தால் வண்டி அதற்குள் திரும்பி நின்றிருக்கும்.

கே (மீண்டும் மதுரை): யான் மார்டன்பரோ வீடியோ கேம் விளையாடித்தானே ரேசர் ஆனார்? அவர் இடுப்பு மட்டும் ஸ்பெஷலா?

ப: நல்ல கேள்வி. அவர் 2011-ல் ஜிடி அகாடமியை வென்றவர், 2013-ல் லெ மானில் எல்எம்பி2 என்ற கார்ப் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்த அணியில் ஓட்டியவர். ஆனால் அந்த அகாடமி என்ன செய்தது என்று பாருங்கள். கேமில் ஜெயித்தவர்களைக் கூப்பிட்டு நிஜ வண்டியில் உட்காரவைத்து, நிஜப் பாதையில் வடிகட்டியது. வென்றவருக்கு அப்புறமும் பயிற்சி கொடுத்துத்தான் பந்தயத்துக்கு அனுப்பியது. நீங்கள் காட்டும் உதாரணமே ரேஸ் பள்ளிக்குப் போன ஆள்தான்.

கே (ஓசூர்): சிம் ஆட்களுக்குப் பயமே கிடையாது சார். ரீசெட் பட்டன் இருக்கிறதே!

கே (மீண்டும் மதுரை): பயம் இல்லாதது நல்லதுதானே? தயங்காமல் பிரேக் மிதிப்போம்.

ப: ஓசூர்க்காரர் சொல்வதில் பாதி உண்மை. சிம் பிள்ளைகள் முதல் சில சுற்றுகளில் மற்றவர்களைவிட அழகாக ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்கும், கழுத்து கனக்கும், பிரேக் பெடல் சூடேறி அடியில் இறங்கத் தொடங்கும். வீட்டு அறையில் இது எதுவும் கிடையாது. பெடல் இறங்குவதைக் கவனிக்காமல் அதே இடத்தில் பிரேக் மிதிப்பவருக்குத் தயக்கம் இல்லாதது நல்லதல்ல, ஆபத்து. மே மாதத்தில் இருங்காட்டுக்கோட்டைக்கு வாருங்கள். பாதையோரத்தில் இருக்கும் ஒரே தூரப் பலகையைக் குறிவைத்துப் பத்துச் சுற்றும் பிரேக் மிதித்துக் காட்டுங்கள். செய்துவிட்டால் நானே மாலை போடுகிறேன்.

கே (ஓசூர்): நானும் வருகிறேன், பார்க்க!

ப: சரி, இருவரும் தண்ணீர் கொண்டுவாருங்கள். சிம் விவாதம் இத்தோடு போதும். பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

கே (நாகர்கோவில்): சொந்த ஸ்விஃப்டைக் கொண்டுபோகலாமா?

ப: சில பள்ளிகள் அனுமதிக்கும். மூன்று விஷயம் பாருங்கள். பிரேக் ஆயில் புதிதாக இருக்க வேண்டும். டாட் 4 என்ற தர பிரேக் ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும், ஈரம் உறிஞ்சிய பிறகு அது 155 வரை இறங்கலாம். கொதித்தால் பெடலில் காற்றுதான் இருக்கும். இரண்டாவது, உங்கள் சாதாரண இன்ஷூரன்ஸ் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது. இடித்தால் செலவு உங்களுடையது. மூன்றாவது, ஓட்டி முடித்ததும் ஒரு சுற்று மெதுவாகப் போய் பிரேக்கை ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் இழுக்காதீர்கள், கியரில் விட்டு இறங்குங்கள். ஹேண்ட்பிரேக் இழுக்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை போயிற்று.

கே (ஈரோடு): பைக்குக்குச் சொல்லுங்களேன்.

ப: என் துறை இல்லை. கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் சென்னை டிராக்குக்கு வந்து பயிற்சி நடத்தியிருக்கிறது. அங்கே விசாரியுங்கள்.

கே (அடையாறு): ஹீல் அண்ட் டோ முதல் நாளே கற்க வேண்டுமா? தினமும் விடியற்காலையில் ஈசிஆரில் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ப: முதல் பாதிக்குப் பதில்: வேண்டாம். வலது பாதத்தின் முன்பகுதியால் பிரேக்கை அழுத்தியபடியே குதிகாலாலோ பாத ஓரத்தாலோ ஆக்சிலரேட்டரைத் தட்டி, கியர் குறைக்கும்போது இன்ஜின் வேகத்தைச் சக்கரத்தோடு பொருத்துவதுதான் அது. பிரேக் அழுத்தமே சீராக வராதவர் இதைச் செய்தால் தட்டும்போதெல்லாம் பிரேக் ஆடும்.

இரண்டாம் பாதிக்கு: நிறுத்துங்கள். விடியற்காலையில் ஈசிஆரில் மீன்காரர் டிவிஎஸ் 50-யில் வருவார், மாடு நிற்கும். மஞ்சள் கொடி காட்ட ஆள் இல்லை. பொது ரோட்டில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ம் பிரிவின்படி முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள், அந்த மீன்காரரை நினையுங்கள்.

கே (வேலூர்): வயது 52...

ப: முதல் பதில், ஐயா. ரத்த அழுத்தம் மட்டும் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

கே (பாளையங்கோட்டை, பள்ளி ஆசிரியை): என்னிடம் பைக் ஹெல்மெட் இருக்கிறது. போதுமா? மூக்குக் கண்ணாடியும் போடுவேன்.

ப: ஒரு நாள் அறிமுக வகுப்புக்குப் பள்ளியே ஹெல்மெட் தரலாம், கேளுங்கள். பந்தயத்துக்கு என்றால் பைக் ஹெல்மெட் போதாது. ஸ்னெல் என்ற ஹெல்மெட் பாதுகாப்புத் தரத்தில் பைக்குக்கு எம், காருக்கு எஸ்ஏ என்று தனித்தனியாக உண்டு. கார் ஹெல்மெட்டின் உள்துணி தீயைத் தாங்க வேண்டும். மூக்குக் கண்ணாடியோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள் மேடம். காதோரம் அழுத்தினால் அரை மணியில் தலைவலி வரும்.

கே (அம்பத்தூர்): பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாலே எனக்கு வாந்தி வரும். டிராக்கில் எப்படி?

ப: ஓட்டுகிறவருக்கு வருவது குறைவு. வளைவு எப்போது வரும் என்று உடம்புக்கு முன்பே தெரியும் அல்லவா? பயிற்றுநர் ஓட்டிக் காட்டும் சுற்றுகளில்தான் சிக்கல். காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள், பொங்கல் வேண்டாம். பார்வையைத் தூரத்தில் வையுங்கள். குமட்டினால் கௌரவம் பார்க்காமல் கையை உயர்த்துங்கள். உடனே பிட்டுக்குள் வந்துவிடுவார், வண்டியைக் கழுவும் வேலை அவருக்கும் பிடிக்காது.