விஸ்வநாத் தோற்ற மேட்ச்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பழைய இந்திய பேட்ஸ்மேன் ஜி.ஆர். விஸ்வநாத் பேச்சு வந்தாலே வீட்டுப் பெரியவர்கள் ‘தங்கமான மனுஷன்’ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். 91 டெஸ்ட், 6080 ரன், சராசரி 42-ஐத் தொடவில்லை. நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் 1980-இல் அவுட் கொடுக்கப்பட்ட இங்கிலாந்தின் பாப் டெய்லரைத் திரும்பக் கூப்பிட்டு மேட்சைக் கோட்டை விட்டதும் அவர்தானே? நல்ல மனசு வேறு, கிரிக்கெட் வேறு இல்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த மேட்சையே முதலில் எடுத்துக்கொள்வோம். பம்பாய் வான்கடேயில் நடந்த பொன்விழா டெஸ்ட். இங்கிலாந்து 58 ரன்னுக்கு 5 விக்கெட். போத்தமும் டெய்லரும் ஆடிக்கொண்டிருக்கும்போது, கீப்பர் கேட்ச் என்று டெய்லருக்கு அம்பயர் விரலைத் தூக்கிவிட்டார். நம் கேப்டன் விஸ்வநாத் நின்றது ஸ்லிப்பில், அதாவது கீப்பருக்குப் பக்கத்தில், பந்து மட்டையில் பட்டதா இல்லையா என்று கண்ணால் பார்க்கக்கூடிய இடத்தில். படவில்லை என்று அவருக்குத் தோன்றியது, அம்பயரிடம் போய்ச் சொல்லி டெய்லரைத் திரும்ப ஆட வைத்தார். அப்புறம் அந்த ஜோடி 171 ரன் சேர்த்தது, நாம் பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றோம். இதெல்லாம் உண்மைதான். ஆனால் டெய்லர் எடுத்தது 43. போத்தம் ஒரே ஆளாக சதம் அடித்து 13 விக்கெட்டும் சாய்த்தார், நம்மவர்கள் இரண்டாவது இன்னிங்ஸில் 149-க்குச் சுருண்டார்கள். பழியை எல்லாம் விஸ்வநாத் தலையில் கட்டுவது சரியில்லை. இன்றைக்கு இதே வேலையை ரீப்ளே இரண்டு நிமிஷத்தில் செய்துவிடும், யாரும் அதை நல்ல மனசு என்று சொல்லப்போவதில்லை.

அவர் டெஸ்ட் கேப்டனாக இருந்ததே இரண்டு மேட்ச்தான், அதில் ஒன்று இது.

சராசரி விஷயத்துக்கு வருகிறேன். அவர் அடித்த 14 சதங்களில் ஒன்றில்கூட இந்தியா தோற்றதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் பேசப்படுவது சதமே ஆகாத ஒரு இன்னிங்ஸ். 1975 ஜனவரி, சேப்பாக்கம், வெஸ்ட் இண்டீஸ். ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட் எடுக்க, நாம் மொத்தம் 190. அதில் விஸ்வநாத் மட்டும் அவுட் ஆகாமல் 97. அந்த டெஸ்டை 100 ரன்னில் ஜெயித்துத் தொடரை 2-2 ஆக்கினோம். நான் பார்த்ததில்லை, என் பெரியப்பா பார்த்தார். விஸ்வநாத் பந்தைப் பக்கவாட்டில் வெட்டி அடிக்கும் அந்த ஸ்கொயர் கட்டைக் குடையை வைத்துக் கூடத்தில் நின்று ஆடிக் காட்டுவார்: பந்து தாண்டிப் போய்விட்டது என்று நாம் நினைக்கும்போதுதான் குடை அசையும், அதுவும் மணிக்கட்டு மட்டும்.

டெய்லர் விஷயத்தில் பெரியப்பாவுக்குத் துளிக்கூட வருத்தம் கிடையாது. அந்தச் சேப்பாக்கம் இன்னிங்ஸில் கடைசியில் அவுட்டான சந்திரசேகர் மேல்தான் இன்றும் கோபம், விஸ்வநாத் சதம் அடிக்க இன்னும் ஒரே ஒரு ஓவர் நின்றிருக்கக் கூடாதா என்று.