525 மடங்கு என்று போட்டிருக்கிறதே, வாங்கலாமா?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு வானம் பார்ப்பதில் ஆசை. மதுரையில் வீடு, மொட்டை மாடி உண்டு. ‘525 மடங்கு பெரிதாக்கும்’ என்று 60 மி.மீ. தொலைநோக்கி ஒன்று ஆன்லைனில் நாலாயிரத்துச் சொச்சத்துக்கு வருகிறது. வாங்கலாமா? பெட்டியில் சூரியனைப் பார்க்க ஒரு கறுப்பு ஃபில்டரும் தருகிறார்களாம்.

பதில்: வேண்டாம். 525 என்பது எப்படி வருகிறது தெரியுமா? இந்த வகைக் குழாய்க்குக் குவியத்தூரம் (முன் லென்ஸிலிருந்து ஒளி குவியும் இடம்வரை உள்ள தூரம்) பெரும்பாலும் 700 மி.மீ. அதைக் கூடவே தரும் ஐபீஸின் (கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ்) குவியத்தூரமான 4 மி.மீ.யால் வகுத்தால் 175. மேலே, உருவத்தை இன்னும் 3 மடங்கு பெரிதாக்கும் பார்லோ லென்ஸைச் செருகினால் 525. கணக்கு சரிதான், படம்தான் வராது. முன்பக்க லென்ஸின் அகலம் எத்தனை மி.மீ.யோ, அதில் இரண்டு மடங்குவரைதான் பெரிதாக்கிப் பார்க்க முடியும். 60 மி.மீ. என்றால் 120. அதற்கு மேல் போனால் சனிக் கிரகம் கஞ்சி மாதிரி கலங்கித் தெரியும்.

எனவே அகலத்தைக் கேளுங்கள். அடுத்து, முக்காலியை ஆட்டிப் பாருங்கள். விலை குறைந்தவற்றில் கால்கள் குச்சி மாதிரி இருக்கும். ஃபோகஸ் திருகைத் தொட்டாலே வியாழன் துள்ளி ஓடிவிடும். பிள்ளைகள் இரண்டே நாளில் சலித்துப்போய்த் தொலைநோக்கியைப் பரணில் போடுவதற்கு இதுதான் முக்கியக் காரணம் என்பேன்.

பட்ஜெட்டைக் கொஞ்சம் கூட்ட முடியுமானால் முன் லென்ஸுக்குப் பதில் 130 அல்லது 150 மி.மீ. ஆடி (குழிந்த கண்ணாடி) வைத்த டாப்சோனியன் தொலைநோக்கி வாங்குங்கள். 150 மி.மீ. ஆடி, நீங்கள் சொன்ன 60 மி.மீ. லென்ஸைவிட ஆறு மடங்குக்கு மேல் ஒளியைச் சேர்க்கும். முக்காலி கிடையாது, பீரங்கி மாதிரி ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்திருக்கும், கையால் தள்ளித் திருப்பலாம். சான் பிரான்சிஸ்கோ நடைபாதையில் போவோர் வருவோரைக் கூப்பிட்டு நிலாவைக் காட்டிய ஜான் டாப்சன் பரப்பிய அமைப்பு இது.

‘ஈக்குவட்டோரியல்’ தாங்கி (வானத்தின் நகர்வைப் பின்தொடர்ந்து தொலைநோக்கியைத் திருப்பும் அமைப்பு) உயர்ந்தது என்று கடைக்காரர் சொல்வார். அதை துருவ நட்சத்திரத்தை நோக்கி நிறுத்த வேண்டும். மதுரையில் அந்த நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே 10 டிகிரிதான். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைத்துக்கொள்ளும்.

இன்னொன்று: குழாய் அரை மீட்டர்கூட இல்லை, ஆனால் குவியத்தூரம் 1000 மி.மீ. என்று போட்ட மலிவான ஆடித் தொலைநோக்கியைத் தொடாதீர்கள். குவியத்தூரத்தை நீட்ட உள்ளே ஒரு திருத்த லென்ஸை ஒட்டி ஒப்பேற்றியிருப்பார்கள், படம் கூர்மையாக வராது.

அவ்வளவு பணம் முடியாதென்றால் 10x50 (10 மடங்கு, 50 மி.மீ. லென்ஸ்) பைனாகுலர் போதும். சுவரில் முழங்கையை ஊன்றிப் பார்த்தால் வியாழனின் நான்கு நிலாக்கள் தெரியும். வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரியும் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், பைனாகுலரில் பல டஜனாக விரியும். சனியின் வளையம் மட்டும் இதில் கிடைக்காது.

எதை வாங்கினாலும் தை பிறக்கட்டும். ஐப்பசியில் வாங்கினால் மேகத்தைத்தான் பார்க்க வேண்டும். ஈரத்தில் லென்ஸில் பூஞ்சையும் பிடிக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். திருப்பி அனுப்பும் விதியை வாங்கும் முன்பே படித்துவிடுங்கள். விற்பவர் தகராறு செய்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அப்புறம், அந்தக் கறுப்பு ஃபில்டர். ஐபீஸில் திருகுவதுதானே? சூட்டில் அது பட்டென்று விரிசல் விடும், கண் போய்விடும். மகள் கையில் கிடைக்கும் முன் உடைத்துக் குப்பையில் போடுங்கள்.