தப்பான தேதி அடித்தால் சர்வரே நிற்பது ஏன்?

கேள்வி: காரைக்குடி பக்கம் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக நடத்துகிறோம். எங்கள் முன்பதிவுத் தளமும், ஆத்தங்குடி டைல்ஸ் ஆர்டர் எடுக்கும் என் தம்பியின் தளமும் ஒரே டாம்கேட் (ஜாவா தளங்களை ஓட்டும் மென்பொருள்) சர்வரில் ஓடுகின்றன. யாராவது வரும் தேதியைத் தப்பாக அடித்தால் இரண்டும் சேர்ந்து நின்றுவிடுகின்றன. யாரோ ஹேக் செய்கிறார்களா?

பதில்: அப்படித் தெரியவில்லை. தப்பான தேதி வரும்போதுதான் நிற்கிறது என்பதால், முன்பதிவு நிரலில் எங்கோ சிஸ்டம்.எக்ஸிட் என்ற வரி இருக்கிறது என்றே சந்தேகிக்கிறேன். ஜாவாவில் அந்த வரி ஒரு கோரிக்கையை மட்டும் முடிக்காது, ஜாவா நிரல்களை ஓட்டும் ஜேவிஎம்மையே மூடிவிடும். அதற்குள் ஓடும் டாம்கேட்டும், டாம்கேட்டில் இருக்கும் அத்தனை தளங்களும் கூடவே போகும். பல புள்ளிகள் (குடும்பங்கள்) குடியிருக்கும் வீட்டில், ஒருவர் அடுப்பில் சோறு தீய்ந்ததற்கு மொத்த வீட்டுக்கும் மெயினை அணைப்பது போல.

கமாண்ட் லைனில் ஓடிய பழைய நிரலை அப்படியே தளத்துக்குள் கொண்டுவரும்போதுதான் இது பெரும்பாலும் நுழையும். தனியாக ஓடும் நிரலில் எக்ஸிட் போடுவது சரியான வழக்கமே. பிஎச்பி மொழியில் பழகியவர்களும் இதில் தடுக்கி விழுவதுண்டு, அங்கே எக்ஸிட் அந்தக் கோரிக்கையோடு முடிந்துவிடும்.

உறுதிப்படுத்த, டாம்கேட் எழுதும் கேட்டலினா.அவுட் என்ற பதிவுக் கோப்பைப் பாருங்கள். காரணம் எக்ஸிட் என்றால், டாம்கேட் ஒழுங்காகத் தன்னை மூடிக்கொண்ட வரிகள் கடைசியில் இருக்கும். நினைவகம் போதாமல் லினக்ஸ் அதைக் கொன்றிருந்தால் பதிவு பாதியில் அறுந்து நிற்கும். அப்புறம் சிஸ்டம்.எக்ஸிட், ரன்டைம் வழியாக வரும் எக்ஸிட், ஹால்ட் என்று ஜேவிஎம்மை மூடும் மூன்றையும் நிரல் முழுக்கத் தேடச் சொல்லுங்கள். ஸ்பாட்பக்ஸ் என்ற இலவசக் கருவியும் சிஸ்டம்.எக்ஸிட்டைக் காட்டிக்கொடுக்கும்.

தேதி தப்பென்றால் நிரல் எக்ஸப்ஷன் (பிழை அறிவிப்பு) எறிய வேண்டும், அதைப் பிடித்து 400 (கோரிக்கை தவறு) என்ற பதிலோடு "தேதியைச் சரிபாருங்கள்" என்று காட்ட வேண்டும். தொடக்கத்திலேயே தரவுத்தளம் கிடைக்காத நிலைமையும் அப்படித்தான். தளம் தொடங்கும்போது ஓடும் லிஸனரில் எக்ஸப்ஷன் எறிந்தால் அந்தத் தளம் மட்டும் எழும்பாது, தம்பியின் தளம் ஓடும்.

தயவுசெய்து இதைச் சின்னப் பிழை என்று தள்ளிப்போடாதீர்கள். பாதுகாப்புக் குறைகளைத் தொகுக்கும் சிடபிள்யூஇ பட்டியலில் இதற்கென்றே 382 என்ற எண் இருக்கிறது. இன்று விருந்தாளி தெரியாமல் செய்வதை, நாளை ஒருவர் வேண்டுமென்றே, கடவுச்சொல்கூட இல்லாமல், சீசன் நேரத்தில் திரும்பத் திரும்பச் செய்யலாம்.

ஜாவாவின் செக்யூரிட்டி மேனேஜர் என்ற காவல் வசதியை வைத்து எக்ஸிட்டைத் தடுக்கலாம் என்று பழைய ஆலோசனை ஒன்று உண்டு. அதை நம்ப வேண்டாம். 2021-இல் வந்த ஜாவா 17 அதைக் கைவிடப்போவதாக அறிவித்தது, 2025-இல் வந்த ஜாவா 24-இல் அது வேலையே செய்யாது.

நிரலைத் திருத்தும்வரை இரண்டு தளங்களையும் தனித்தனி டாம்கேட்டில் ஓடவிடுங்கள். லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி மூலம் தானாக எழுப்புவதென்றால் ரீஸ்டார்ட் அமைப்பில் 'ஆன் ஃபெயிலியர்' போதாது, 'ஆல்வேஸ்' வையுங்கள். எக்ஸிட் பூஜ்யத்தோடு (எல்லாம் சரி என்ற குறியோடு) முடிந்தால் சிஸ்டம்டி அதைத் தோல்வியாகவே எண்ணாது.