தெசாரஸைத் திறக்கும் முன் உங்கள் வரியைப் பாருங்கள்

கேள்வி: வேலைக்கு விண்ணப்பிக்க ஆங்கிலத்தில் சுயவிவரம் எழுதுகிறேன். ‘டிட்’, ‘மேட்’, ‘கேவ்’ என்ற வினைச்சொற்களே வரிக்கு வரி வருகின்றன. ஒத்த பொருளுள்ள சொற்களைத் தொகுத்துத் தரும் நூலான தெசாரஸைப் பார்த்துக் கனமான சொற்களாக மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றத்தான் வேண்டும். ஆனால் தெசாரஸைக் கடைசியில் திறங்கள். உங்களுக்கு வேண்டிய வினைச்சொல் பெரும்பாலும் அதே வரியில் பெயர்ச்சொல்லாக ஒளிந்திருக்கும். ‘மேட் அ டிசிஷன்’ என்பதற்குள் ‘டிசைடட்’ இருக்கிறது. ‘டிட் அன் அனாலிசிஸ் ஆஃப் சேல்ஸ் டேட்டா’ என்பதை ‘அனலைஸ்ட் சேல்ஸ் டேட்டா’ என்று எழுதினால் ஆறு சொற்கள் மூன்றாகக் குறைகின்றன; செய்த வேலையும் முதல் சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

அப்படி எதுவும் ஒளிந்திராத வரிகள்தான் சிக்கல். ‘ஒர்க்ட் ஆன் தி பில்லிங் சாஃப்ட்வேர்’ என்று எழுதியிருக்கிறீர்களா? அங்கே என்ன செய்தீர்கள் என்பதைத் தமிழில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். சோதித்துப் பார்த்திருந்தால் ‘டெஸ்டட்’. கோளாறைச் சரிசெய்திருந்தால் ‘ஃபிக்ஸ்ட்’. புதிய ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தால் ‘ட்ரெயின்ட்’. மூன்றுமே எளிய சொற்கள், மூன்றுமே வலுவானவை. ‘யூஸ்ட்’ இருந்த இடத்தில் ‘யூட்டிலைஸ்ட்’ போடுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எழுத்துதான் நீளும், பொருள் ஒரு துளியும் கூடிவிடாது.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது வேறோர் இடத்தில். வினைச்சொல்லை மாற்றுவார்கள், அதன் பின்னால் ஒட்டியிருந்த சிறு சொல்லை அப்படியே விட்டுவிடுவார்கள். ‘டாக்ட் அபவுட் தி பட்ஜெட்’ சரி. ‘டிஸ்கஸ்ட் அபவுட் தி பட்ஜெட்’ தவறு, ‘டிஸ்கஸ்ட் தி பட்ஜெட்’ என்றே வரவேண்டும். ‘ஆஸ்க்ட் ஃபார் அ ரிப்போர்ட்’ என்பதை மாற்றும்போதும் ‘ரிக்வெஸ்டட் அ ரிப்போர்ட்’ என்று எழுதுங்கள். ‘ஃபார்’ அங்கே தங்கக்கூடாது.

தெசாரஸ் மேல் எனக்கு வெறுப்பில்லை. பீட்டர் மார்க் ரோஜே 1852இல் வெளியிட்ட தெசாரஸ், சொற்களைக் கருத்துவாரியாகத் தொகுத்தது. மறந்துபோன சொல்லை மீட்க அது அருமையான துணை. ஆனால் ஒரே தொகுப்பில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்கார்ந்துவிடாது. கூட இருந்து உதவிய வேலைக்கு ‘லெட்’ என்று போட்டால், எத்தனை பேரை வழிநடத்தினீர்கள் என்று நேர்முகத் தேர்வில் கேட்பார்கள். ‘ஹெல்ப்ட்’ பிடிக்கவில்லையென்றால், உதவி என்னவென்று எழுதுங்கள்: ரசீதுகளைச் சரிபார்த்தீர்களா, வாடிக்கையாளர்களைத் தொலைபேசியில் அழைத்தீர்களா?

‘வாஸ்’, ‘ஹாட்’ போன்றவற்றைத் தேடித்தேடி நீக்க வேண்டாம். புதிதாகப் போட்ட ஒவ்வொரு வினைச்சொல்லையும், ஆங்கிலம் கற்போருக்கான அகராதி ஒன்றில் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு விண்ணப்பத்தை அனுப்புங்கள்.