செயற்கைக்கோளை ஏவுவதற்கு முன் ஃப்ரீசரில் வைத்துப் பார்ப்பார்களாமே, உண்மையா?

ஃப்ரீசர் போதும் என்றால் எங்களுக்கு ராத்திரி ஷிஃப்டே இருந்திருக்காது. எனக்குச் சொந்த ஊர் கடலூர் முதுநகர். சில வருஷம் இந்தச் சோதனைக் குழுவில் இருந்தேன். 'தெர்மோவேக்' என்போம், அதாவது வெப்ப வெற்றிடச் சோதனை.

ஃப்ரீசருக்குள் காற்று இருக்கிறது, வம்பே அதுதான். தேவனாம்பட்டினத்தில் சாயங்காலம் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் கடல் காற்று உடம்புச் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். மேலே அந்த வசதி கிடையாது. ஒரு பெட்டி சூடானால் கதிர்வீச்சாக மட்டுமே அதை வெளியே தள்ள முடியும். அதனால் செயற்கைக்கோளை உள்ளே வைத்து மூடும் சேம்பரில் முதல் வேலை காற்றை உறிஞ்சுவது: வளிமண்டல அழுத்தத்தில் பத்து கோடியில் ஒரு பங்கு அளவுக்கு. பிறகு கறுப்புப் பெயிண்ட் அடித்த உட்சுவரில் திரவ நைட்ரஜன் ஓடும், -196 டிகிரி. விண்வெளி -270 ஆயிற்றே என்பீர்கள். கதிர்வீச்சு வெப்பநிலையின் நாலாம் அடுக்கில் குறைவதால், நம் அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு தகடு கொடுப்பதில் அரை சதவீதம்கூட அந்தச் சுவரிலிருந்து திரும்பி வராது. அது போதும்.

வெயிலுக்கு செனான் விளக்கு, இல்லாவிட்டால் அகச்சிவப்பு விளக்கு, ஹீட்டர். பூமிக்கு அருகே சதுர மீட்டருக்கு சுமார் 1,361 வாட் வெயில் விழுகிறது; அதில் பொருள் எவ்வளவு உள்வாங்குமோ அவ்வளவைக் கொடுத்தால் சரி.

கழிக்க முடியாத ஒன்று புவியீர்ப்பு. சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும் வெப்பக் குழாய்க்குள் அம்மோனியா ஓடும். குழாய் சில மில்லிமீட்டர் சாய்ந்தாலே திரவம் ஒரு பக்கம் தேங்கிவிடும், நல்ல குழாயும் கெட்டதுபோலக் காட்டும். ரசமட்டம் வைத்தே பாதி நாள் போகும்.

ஒரு தடவை நாலாம் நாள் ராத்திரி டேப் போட்டு ஒட்டியிருந்த ஒரு தெர்மோகப்பிளின் (வெப்பநிலை காட்டும் சென்சார்) எண் மட்டும் சரசரவென்று இறங்கி, சுவரின் குளிரைத் தேடிப் போனது. டேப் விட்டுப்போச்சு. ஒட்டியவன் நான். கதவைத் திறந்து ஒட்டினால் என்ன என்று தோன்றும். ஏசி பஸ்ஸில் வந்து கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குமே, அதேபோல உள்ளே மொத்தக் கருவியும் நனைந்துவிடும். முதலில் எல்லாவற்றையும் அறை வெப்பத்துக்கு ஏற்றி, உலர்ந்த நைட்ரஜனை நிரப்பி, அப்புறம்தான் கதவு. பக்கத்திலேயே இன்னொரு சென்சார் இருந்ததால் "விடுப்பா, ஓடட்டும்" என்றார் சீனியர்.

கடைசியில் திறந்தபோது, நகம் அகல டேப் ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியது.